நிச்சயத் தட்டில் பாதாம் பிஸ்கட்

ஏலே மக்கா,

சாப்பிட்டாயா, அங்கே வெயில் எப்படி என்று கேட்டுத் தொடங்க இன்றைக்கு மனசு வரவில்லை. அதையெல்லாம் போனில் கேட்டுக்கொள்கிறேன். நிச்சயத்தன்று சாயங்காலம் கார்த்திகாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனதும் நீ ராஜஸ்தான் பட்டாளத்து முகாமிலிருந்து அவளுக்குப் போன் போட்டு, "கண்டதையும் வாயில போடாதேன்னு எத்தனை தடவை சொல்லுதது, உன் உடம்பு மேல உனக்கே அக்கறை இல்லையா" என்று சத்தம் போட்டிருக்கிறாய். அவளும் "ஆமா, என் தப்புதான்" என்று வாங்கிக்கொண்டிருக்கிறாள். மக்கா, அவள் கண்டதையும் தின்னவில்லை. நான் என் கையால் ஊட்டியதைத் தின்றாள். இதைப் போனில் சொன்னால் நீ பாதியிலேயே குறுக்கே விழுவாய். எனக்கும் அழுகை முட்டினால் ஏதாவது கேலி பேசித் தப்பித்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். ஆறாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து, பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன். "உங்க இஷ்டம் அத்தை. நாலு பேர் படிச்சாலும் பரவாயில்ல, நாலு வீட்டுக்கு உதவும்" என்றாள்.

பெண் பார்த்து முடித்த வாரம் நீ போனில் சொன்னது உனக்கு நினைவிருக்கும். அவளுக்குக் கோதுமை ஆகாது, ஒரு துணுக்கு உள்ளே போனாலும் குடல் புண்ணாகிவிடும், மருந்து கிடையாது, தொடாமல் இருப்பதுதான் மருந்து என்றாய். "யார்ட்டயும் சொல்லிராதம்மா, சீக்காளிப் பிள்ளைன்னு கதை கட்டுவாவ" என்றும் சொன்னாய். நான் என்ன சொன்னேன்? "நல்லதாப் போச்சுலே, சப்பாத்தி உருட்டுத வேலை மிச்சம்" என்றேன். நீ சிரித்துவிட்டு இன்னொன்றும் சொன்னாய். சின்னப் பிள்ளையில் அவளுக்குச் சாக்லேட் பிஸ்கட் என்றால் உயிராம். காலேஜ் போன வயசில் நோய் இன்னதென்று தெரிந்ததிலிருந்து பேக்கரிக் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவாளாம். அந்த ஒரு வார்த்தை என் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. நிச்சயத்தன்று மாமியார்க்காரி பெண்ணுக்குப் பூ வைத்து, வாயில் இனிப்பு ஊட்ட வேண்டும். ஊர்ப் பெண்டுகள் எல்லாரும் அந்த வாயைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். லட்டையோ அல்வாவையோ அவள் வேண்டாம் என்றால் அங்கேயே கதை கிளம்பிவிடும். சீனியை ஒரு சிட்டிகை போட்டு ஒப்பேற்றியிருக்கலாம்தான். ஆனால் எனக்கு ஆசை. அந்தப் பிள்ளை விட்டுப்போன பிஸ்கட்டை நான்தான் அவள் வாயில் வைக்க வேண்டும் என்று ஆசை.

அவளிடமே செய்முறை கேட்டேன். வாட்ஸாப்பில் பேசி அனுப்பினாள். கடை மாவு எதையும் நம்பி வாங்க முடியாதாம், எல்லாவற்றிலும் கோதுமை தொட்டிருக்குமாம். அதனால் தானியமே சேர்க்காமல் பாதாமை ஊறவைத்துத் தோலுரித்து, காயவைத்து, அரைத்து அதில்தான் செய்வாளாம். நான் பதிலுக்கு, "கோதுமை இல்ல, அரிசி இல்ல, கேப்பை இல்ல, எங்க வீட்டுக்கு வாரதுக்கு முன்னாடியே எங்க சொத்தைப் பாதாமாத் தின்னு தீத்துருவ போலிருக்கே தாயி" என்று பேசி அனுப்பினேன். அவள் விழுந்து விழுந்து சிரித்ததை அப்படியே பதிந்து அனுப்பினாள். அந்தச் சிரிப்பை உங்கப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். "நல்ல பிள்ளை" என்றார். உங்கப்பா வாயிலிருந்து இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் வருவது பெரிய காரியம்.

நீ வாங்கிக் கொடுத்த ஓவன் இருக்கிறதே, அதில் இதுநாள்வரை அப்பளக் கட்டுதான் இருந்தது என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். அப்பளத்தை வெளியேற்றிவிட்டு, அந்தப் பெட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்தேன். புதுச் சல்லடை, புதுக் கரண்டி, புதுத் தட்டு. கோதுமை பட்ட எதுவும் பக்கத்தில் வரக்கூடாது என்று வீட்டிலிருந்த மைதாப் பொட்டலத்தையும் ரவை டப்பாவையும் அடுத்த வீட்டில் கொடுத்துவைத்தேன். சாக்லேட் துண்டு வாங்கத் தென்காசிக்குப் போய், பாக்கெட்டின் பின்னால் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்த எழுத்தைக் கடையில் நின்ற பெண்ணை வாசிக்கச் சொன்னேன். ஒரு தரம் வாசித்தாள். "இன்னொரு மட்டம் வாசி மக்ளே" என்றேன். "ஆச்சி, இதுல பரிச்சை வச்சிருக்காவளா?" என்று கேட்டாள். இந்தக் கருப்பு முடிக்காரியை அவள் ஆச்சி என்றதைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன் என்றால் பார்த்துக்கொள். இவ்வளவையும் ஏன் சொல்கிறேன் தெரியுமா? அசட்டையாகச் செய்து வந்த வினை இல்லை இது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தும் வந்தது.

முதல் தடவை மிக்சியில் அரைத்தேன். பாதாமை நிறுத்தி நிறுத்திச் சுற்ற வேண்டும். எனக்கு ஏது பொறுமை? விடாமல் ஓட்டியதில் சூடேறி எண்ணெய் கக்கி, மாவாக வரவேண்டியது களியாக வந்து நின்றது. அதை உருட்டி வேகவைத்தால் ஓவனுக்குள் உருகி ஒன்றோடு ஒன்று ஒட்டி, தட்டளவு ஒரே பிஸ்கட்டாக வந்தது. உங்கப்பா அதைக் கரண்டியால் சுரண்டித் தின்றார். நிச்சயத்துக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் தட்டில் வைக்க வேண்டுமென்றால் நிறைய மாவு வேண்டும், அதற்குள் மிக்சியிலும் புகை வாடை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் உன் அத்தை பார்வதி வந்தாள். "மைனி, இதை வச்சுக்கிட்டா மல்லுக்கட்டுதிய? கொண்டாங்க, எங்க தெரு மில்லுல குடுத்துத் திரிச்சுட்டு வாரேன். பூ மாதிரி குடுப்பாரு" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. மில் என்றால் ஆயிரம் பேர் மாவு. ஆனால் வேண்டாம் என்றால் ஏன் என்பாள். ஏன் என்று நான் சொல்லக்கூடாது. "மிளகாய் திரிச்ச கல்லுல போட்டுராதட்டி, வாடை ஏறிரும்" என்று மட்டும் சொல்லி, உரித்துக் காயவைத்த பாதாமை அவளிடம் கொடுத்தேன். அவளும் தலையாட்டிவிட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

மாவு பூவாகத்தான் வந்தது. வெண்ணெயும் நாட்டுச்சர்க்கரையும் சேர்த்துக் குழைத்து, ஒரு சிட்டிகை உப்பும் ஆப்பச்சோடாவும் போட்டு, நல்ல காரியத் தட்டு என்பதால் முட்டையை விட்டுவிட்டுத் தேங்காய்ப்பால் விட்டுப் பிசைந்தேன். சாக்லேட் துண்டைக் கலந்து, பிரிட்ஜில் இறுகவைத்து, உருட்டிக் கட்டைவிரலால் அமுக்கி உள்ளே வைத்தேன். இந்த மாவு தானாகப் பரவாது, நாம்தான் தட்டிக் கொடுக்க வேண்டும். ஓரம் சிவந்ததும் எடுத்துவிட வேண்டும், சூட்டோடு தொட்டால் பொலபொலவென்று உதிரும், ஆறினால்தான் பிஸ்கட். முந்தின களியைவிட இது நன்றாகக் கட்டிப் பிடித்திருந்தது. தேங்காய்ப்பாலின் பெருமை என்று நினைத்துக்கொண்டேன். அந்த இடத்தில் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

நிச்சயம் குற்றாலத்து மண்டபத்தில். ஆனி மாசம், சீசன் நல்ல உச்சம், விடாமல் சாரல். வந்த சொந்தத்தில் பாதிப்பேர் துண்டோடுதான் வந்திருந்தார்கள், தாம்பூலம் மாற்றியதும் ஐந்தருவிக்கு ஓட. கார்த்திகா மாம்பழக் கலர் பட்டில் வந்து உட்கார்ந்தாள். பூ வைத்தேன், குங்குமம் வைத்தேன். சில்வர் டப்பாவைத் திறந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து அவள் வாயில் வைத்தேன். கடித்தாள். மென்றாள். அப்படியே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். கண்ணெல்லாம் தண்ணீர். "அத்தை, பேக்கரியில தின்ன மாதிரியே இருக்கு" என்று காதோரம் சொன்னாள். மிச்சத்தையும் தின்றாள். அவளாக இன்னொன்றும் எடுத்துத் தின்றாள். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டாள், யாருக்கும் கொடுக்கமாட்டேன் என்கிற மாதிரி. நீ அந்த முகத்தைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அதனால்தான் அதற்கப்புறம் நடந்ததை என்னால் தாங்க முடியவில்லை.

பந்தியில் பார்வதி என் பக்கத்தில்தான் இருந்தாள். பிஸ்கட்டை எல்லாரும் புகழப் புகழ அவளுக்கும் பங்கு கேட்கத் தோன்றிவிட்டது. "மாவு ஆரு திரிச்சது? நான்லா! மைனி மிளகாய் வாடை வரக்கூடாதுன்னு சொன்னாவளா, நான் மில்லுக்காரர்ட்ட விடவே இல்ல. முதல்ல ஒரு கை கோதுமையப் போட்டுக் கல்லைச் சுத்தம் பண்ண வச்சேன். அப்புறமும் பாதாம் எண்ணெய் விட்டு ஒட்டுது ஒட்டுதுன்னாரு, இன்னொரு கை கோதுமைய அதோடயே சேத்துப் போடுங்க அண்ணாச்சி, இழுத்துக்கிட்டு வந்துரும்னேன். எப்படி வந்துருக்கு பாத்தியளா!" என்றாள். எதிரில் இருந்தவள் "கெட்டிக்காரிதான்" என்றாள்.

எழுந்து போனேன். கை கழுவினேனா என்றுகூடத் தெரியாது. கார்த்திகா அவள் சித்தி பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள். நேரே போய் அதைப் பிடுங்கினேன். அத்தனை பேருக்கும் முன்னால், நிச்சயத்தன்று பெண் கையில் கொடுத்ததை மாப்பிள்ளையின் தாய் பிடுங்குகிறாள். பக்கத்தில் ஒரு அம்மாள், "குடுத்ததத் திருப்பி வாங்குதாவ, நல்லாவா இருக்கு" என்று முணுமுணுத்தது காதில் விழுந்தது. "இவ ஒருத்தியே முழுசையும் தின்னுட்டா என் மவனுக்கு என்னத்த அனுப்ப?" என்று சிரித்தேன். அவர்களும் சிரித்தார்கள். "ஏட்டி, சேலை நலுங்கிட்டு, வா சரி பண்ணுதேன்" என்று சொல்லி அவளை மணப்பெண் அறைக்குள் இழுத்துப் போய்க் கதவைச் சாத்தினேன்.

சொல்லிவிட்டேன் மக்கா. சுற்றி வளைக்கவில்லை. "மாவுல கோதுமை கலந்துட்டு, எனக்கு இப்பத்தான் தெரியும்" என்றேன். அவள் முகத்தில் இருந்த ரத்தம் எல்லாம் எங்கே போனதோ. "எவ்வளவு அத்தை?" என்று கேட்டாள். "ரெண்டு கை." திட்டுவாள், அழுவாள் என்று நான் நிற்கிறேன், அவள் கணக்குப் பார்க்கிற மாதிரி நிதானமாகச் சொல்கிறாள்: "இன்னும் கொஞ்ச நேரத்துல வயிறு பிடிக்க ஆரம்பிக்கும். அதுக்கப்புறம் நிக்காது. அதுக்குள்ள இங்கேருந்து கிளம்பிரணும். உங்க ஆளுக முன்னாடி நான் வாந்தி எடுக்கக் கூடாது அத்தை." அந்த நேரத்திலும் அவளுக்கு உடம்பைவிட நம் ஆட்களின் வாய்தான் பயம். அதை யோசித்துப் பார். அந்தப் பயத்தை அவளுக்குக் கொடுத்தது யார்?

வெளியே போட்டோக்காரன் கூப்பிடுகிறான். உன் பெரியப்பா அருவியைப் பின்னால் வைத்து ஒரு படம் வேண்டும் என்கிறார். பெண்ணின் அப்பா வேன்காரனைக் காணோம் என்று தேடுகிறார். நான் என் நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். "எனக்குப் படபடன்னு வருது, சம்பந்தி ஊர் ஆலங்குளத்துல எனக்குத் தெரிஞ்ச டாக்டர் இருக்காரு, நான் சம்பந்தி வீட்டுக் கார்லயே போயிருதேன்" என்று சத்தமாகச் சொன்னேன். மாப்பிள்ளையின் தாய் பெண்வீட்டுக் காரில் ஏறிப் போவதை நம் ஊரில் யாராவது கண்டதுண்டா? பார்வதி "நானும் வாரேன் மைனி" என்று ஓடிவந்தாள். உங்கப்பா என் முகத்தைப் பார்த்தார். என்ன புரிந்ததோ, அவள் கையைப் பிடித்து நிறுத்திக்கொண்டார். இரண்டு வார்த்தை பேசாத மனுஷன்தான், ஆனால் தேவையான நேரத்தில் தேவையான கையைப் பிடித்தார்.

கார்த்திகாவையும் அவள் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். தென்காசி தாண்டுவதற்குள் பாதி உயிர் போய்விட்டது. சீசன் கூட்டம், பஸ்ஸும் வேனும் ஒன்றன் பின்னால் ஒன்று, நகரவில்லை. கார்த்திகா ஜன்னல் பக்கம் சாய்ந்து பட்டுச் சேலை முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தாள். அவள் அம்மா முன் சீட்டிலிருந்து என்னைத்தான் திரும்பித் திரும்பிப் பார்த்தாள், "நெஞ்சு வலி குறைஞ்சுருக்காக்கா?" என்று. பாவூர்சத்திரம் பக்கத்தில் காரை நிறுத்தச் சொல்லிக் கதவைத் திறந்து கார்த்திகா குனிந்தபோதுதான் அந்த அம்மாளுக்கு விளங்கியது. பிள்ளையின் தலையைப் பிடித்துக்கொண்டு, "என்னத்தத் தின்ன? என்னத்தட்டி தின்ன?" என்றாள். கார்த்திகா வாயைத் துடைத்துவிட்டு, "ஒண்ணுமில்லம்மா, கார் ஆட்டம்" என்றாள். என் பக்கம் திரும்பவே இல்லை. நான் சும்மா இருந்திருந்தால் அந்தப் பொய் அப்படியே நின்றிருக்கும். "நான் குடுத்த பிஸ்கட்" என்றேன்.

ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றினார்கள். கார்த்திகா சுருண்டு படுத்துக்கொண்டு பல்லைக் கடிக்கிற சத்தம் வராந்தாவரை கேட்டது. அவள் அம்மா என் எதிரில் வந்து நின்றாள். "இவளுக்கு என்ன நோய்னே தெரியாம எத்தனை ஆஸ்பத்திரி ஏறி இறங்கினோம் தெரியுமா உங்களுக்கு? தெரிஞ்ச நாள்லருந்து எங்க வீட்டுல ஆரும் பூரி தின்னதில்ல, இவ பாத்துருவான்னு. உங்க கையில குடுக்கும் முன்னாடியே இப்படின்னா, குடுத்த பொறவு?" என்றாள். உங்கப்பாவுக்கு ஆபரேஷன் நடந்த அன்றுகூட வாசலில் நின்ற நர்சைச் சிரிக்கவைத்தவள் நான். அன்றைக்கு அந்த அம்மாளைக் கையெடுத்துக் கும்பிட்டேன். "கல்யாணத்தப் பத்தி அப்புறம் பேசுவோம்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் உள்ளே போய்விட்டாள். நான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அந்த நேரம்தான் உன் போன் அவளுக்கு வந்தது. நீ கத்தியது எனக்கே கேட்டது. "என் தப்புதான்" என்று அவள் சொன்னதும் கேட்டது.

மறுநாள் பார்வதியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். நீ சொல்லாதே என்றதை மீறித்தான் சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "என்ட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கப்படாதா மைனி? நான் என்ன ஊருக்கெல்லாம் டமாரம் அடிக்கவளா? அந்தப் பிள்ளைக்கு விசம் வச்ச பாவத்த என் தலையில கட்டிட்டியளே" என்றாள். அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை. பாதி சொன்னால் இப்படித்தான் ஆகும். நீ ஒன்பதாவது படிக்கையில் பழைய குற்றாலத்தில் பாறையில் வழுக்கி விழுந்துவிட்டு, நான் அடிப்பேன் என்று பயந்து, வெறும் சுளுக்கு என்று சொன்னாய். நானும் எதிர்வீட்டு மாமாவைக் கூப்பிட்டு நீவிவிடச் சொன்னேன். ஒடிந்த கையை அவர் பாவம் எவ்வளவு பிரியமாக நீவினார்! நீ போட்ட கூப்பாடு இப்போதும் என் காதில் இருக்கிறது. அவரையா குறை சொல்ல முடியும்? கார்த்திகாவின் நோயை மூடிவைத்தால் அவளுக்கு மரியாதை என்று நீ நினைத்தாய், நானும் நினைத்தேன். மூடிவைத்ததில் மிச்சமானது நம் கௌரவம். வலி அவளுக்கு. கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவனிலிருந்து மறுவீட்டுக்கு வருகிற கிழடு கட்டைவரை எல்லாருக்கும் தெரிய வேண்டும். யாராவது சீக்கு என்று சொன்னால் பதில் சொல்ல என் வாய் இருக்கிறது, அதற்குத்தானே கடவுள் எனக்கு இதை இவ்வளவு நீளமாகக் கொடுத்திருக்கிறார்.

உனக்கு ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். அவளுக்கு வலி என்றால் முதலில் என்ன தின்றாய் என்று விசாரிக்காதே. வலி எங்கே என்று கேள். நீ அன்றைக்கு அவளைக் கேட்காமலே தீர்ப்புச் சொன்னாய், அவள் என்னைக் காப்பாற்ற அதைத் தலையில் வாங்கிக்கொண்டாள். இன்னும் தாலி ஏறவில்லை, அதற்குள் நம் வீட்டுக்காக ஒரு பொய் சொல்லிவிட்டாள். அதை நல்ல குணம் என்று மெச்சிக்கொள்ளாதே. அது பழகிவிட்டால் நாளைக்கு உன் வீட்டில் அவளுக்கு எது ஆகும், எது ஆகாது என்று உனக்கே தெரியாது. போன் போட்டு மன்னிப்புக் கேள். எப்படிக் கேட்பது என்று என்னிடம் கேட்காதே, துப்பாக்கி பிடிக்கத் தெரிகிறது, இது தெரியாதா?

அதற்கப்புறம் ஆலங்குளத்திலிருந்து பேச்சே இல்லை. நான் போன் போட்டால் அவள் அம்மா "இருக்கா" என்று மட்டும் சொல்லி வைத்துவிடுவாள். ஆவணியில் முகூர்த்தம் நிற்கிறதா இல்லையா என்று கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. பத்திரிகை அடிக்கக் கொடுக்கலாமா என்று உங்கப்பா கேட்டபோது முற்றத்துப் பக்கம் போய்விட்டேன். நேற்று மத்தியானம் கார்த்திகாவே கூப்பிட்டாள். குரல் தேறியிருந்தது. "அம்மாட்ட பேசிட்டேன் அத்தை, ஆவணியிலயே வச்சுக்கலாம்" என்றாள். நான் மூச்சு விடுவதற்குள், "மறுவீட்டுக்கு வரும்போது அந்த பிஸ்கட்ட மறுபடி செய்யணும். நீங்கதான் செய்யணும். ஆனா நான் பக்கத்துலயே நிப்பேன், பாதாம் உரிக்கதுலருந்து. ஒண்ணொண்ணையும் கேப்பேன். நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது" என்றாள்.

உன்னிடம் மறைப்பதற்கென்ன, ஒரு நிமிஷம் சுருக்கென்று குத்தியது. என் அடுப்படியில் என் கையை ஒருத்தி காவல் காப்பதா? "போலீஸ்காரியத்தான் மருமவளா எடுத்துருக்கேன் போல" என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். "நில்லு மக்ளே, எம்புட்டு நேரம் வேணும்னாலும் நில்லு, வாய் வலிக்குத மட்டுக்கும் கேளு" என்றேன்.

மறுவீட்டன்று நீயும் இங்கே இருப்பாய். அவள் சல்லடையை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பாள், கரண்டியை மோந்து பார்ப்பாள், இந்த மாவு எங்கே அரைத்தது என்று என்னிடமே கேட்பாள். வந்த சனம் முகத்தைச் சுளிக்கும். உனக்கும் கோபம் வரலாம். "எங்கம்மா மேல நம்பிக்கை இல்லையா" என்று மட்டும் அவளைக் கேட்டுவிடாதே, அன்றைக்கும் சரி, என்றைக்கும் சரி. நம்பிக்கை இல்லாதவள் என் வீட்டுப் பக்கமே வரமாட்டாள். இவள் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, அதற்கப்புறம் என் கையால் தின்னப் போகிறாள். எனக்கு அது போதும். நீ எங்கள் இரண்டு பேருக்கும் குறுக்கே வராமல், ஒரு ஓரமாக உட்கார்ந்து பாதாம் தோலை உரி.

இப்படிக்கு,
உன் அம்மா